ஆனையிறவு வெயிலில் நின்றுபோன கார்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, நான் கோண்டாவிலில் இருந்து கிளிநொச்சிக்குப் படிப்பிக்கப் போய்வருகிற ஆசிரியை. என்னிடம் இருப்பது 2000ஆம் ஆண்டு நிசான் சனி எஃப்பி 15 கார், ஓட்டோ கியர். மூன்று மாதமாக ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் நின்றுவிடுகிறது. விடியப் போகும்போது ஒரு பிரச்சினையும் இல்லை, மத்தியானம் திரும்பும்போதுதான் இந்தக் கரைச்சல். அதிலும் பரந்தனில் மரக்கறி வாங்க இறங்கி, கொஞ்ச நேரத்தால் திரும்ப எடுத்தால் பத்து நிமிடத்துக்குள் சுவிச்சை ஓவ் பண்ணியது போல நிற்கும். இருபது நிமிடம், அரை மணித்தியாலம் விட்டால் ஒன்றுமே நடக்காதது போல ஸ்ராட் ஆகும். சில நாளில் நிற்காது, ஒரு குலுக்கல் மட்டும் வரும், அப்போது ஆர்பிஎம் முள் கீழே விழுந்து எழும்பும். போன கிழமை ஆனையிறவில், ஒரு மர நிழல்கூட இல்லாத இடத்தில், இரண்டு பிள்ளைகளோடு நின்றேன். இதுவரை பிளக் நாலும், பெற்றோல் பம்பும், பற்றரியும் மாற்றியாயிற்று. ஸ்கானரில் ஒரு பிழையும் காட்டவில்லை என்கிறார்கள். கராஜுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒருநாளும் நிற்பதில்லை. விற்றுவிடலாம் என்கிறார் கணவர். என்ன செய்ய?
– வாசகி, கோண்டாவில்

பதில்: ரீச்சர், அவசரப்பட்டு விற்க வேண்டாம். உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். காரணத்தின் முக்கால்வாசியை நீங்களே எழுதிவிட்டீர்கள். காரைப் பார்த்தவர்கள் யாராவது உங்களைப் பக்கத்தில் இருத்தி, "எப்படி நின்றது, அதற்கு முன் என்ன செய்தீர்கள்" என்று பத்து நிமிடம் கேட்டிருந்தால் பற்றரிக்குக் கொடுத்த காசாவது மிஞ்சியிருக்கும்.

முதலில் பிள்ளைகளோடு போகிற உங்கள் பாதுகாப்பைச் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது எஞ்சின் நின்றால் ஸ்ரியரிங் இறுகும், ஆனால் பலமாகத் திருப்பினால் திரும்பும். பிறேக்கில் ஒன்று இரண்டு மிதிக்குத்தான் பழைய இலகு இருக்கும். அதனால் மிதித்து மிதித்து விடாமல், ஒரே மிதியாக மிதித்துப் பிடித்துக்கொண்டு காரை ஓரம் கட்டுங்கள். இரண்டு பக்க சிக்னலையும் போட்டுவிடுங்கள். திறப்பை மட்டும் ஒருநாளும் வெளியே இழுக்காதீர்கள், ஸ்ரியரிங் பூட்டிக்கொள்ளும். கார் இன்னும் உருண்டுகொண்டிருந்தால் கியரை நியூற்றலில் (N) போட்டுத் திரும்ப ஸ்ராட் பண்ணிப் பார்க்கலாம், D இல் வைத்துக்கொண்டு திருப்பினால் ஸ்ராட்டர் வேலை செய்யாது. வருத்தம் பிடிபடும்வரை பிள்ளைகளை இந்தக் காரில் ஏ9 வீதியால் கூட்டிப்போகாமல் இருந்தால் நல்லது.

சரி, இப்போது வருத்தத்துக்கு வருவோம். எஞ்சின் நிற்கிற விதம் மூன்று. பெற்றோல் போதாமல் நிற்கிற கார் சொல்லாமல் நிற்காது. இழுவை குறையும், இருமும், கால் அமத்தினால் இன்னும் மோசமாகும், அப்படியே முக்கி முக்கித்தான் ஓயும். காற்றுப் பிரச்சினை என்றால் ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது, சந்தியில் காலை எடுத்தவுடன் ஆர்பிஎம் விழுந்து நிற்கும். மூன்றாவது உங்களுடையது, லைற்றை நூர்த்தது போல ஒரே வெட்டாக நிற்பது. அது பெரும்பாலும் மின்சாரப் பக்கத்துக் கோளாறு. அப்படி நிற்கிற காருக்குப் பிளக் மாற்றியதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நாலு பிளக்கும் ஒரே நொடியில் சாகாது, அரை மணித்தியாலத்தில் நாலும் சேர்ந்து உயிர் பெறவும் மாட்டாது.

என் முதல் சந்தேகம் கிராங் சென்சர். எஞ்சினுக்குள் சுழலுகிற கிராங் என்ற தண்டு எந்த இடத்தில் சுற்றுகிறது என்று கொம்பியூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிற சின்னச் சாமான் அது. அது பேசுவதை நிறுத்தினால் எப்போது பொறி கொடுப்பது, எப்போது பெற்றோல் விசிறுவது என்று கொம்பியூட்டருக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக நிறுத்திவிடும். உள்ளே மயிர் போன்ற கம்பிகளும் ஈயம் வைத்த பொருத்துக்களும் பிளாஸ்ரிக்கில் மூடிக் கிடக்கின்றன. இருபது வருடத்துக்கு மேல் சூடாகிச் சூடாகி ஆறிய பிறகு எங்கோ ஓர் இடத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விடும். சூட்டில் அந்த வெடிப்பு விரியும், ஆறினால் திரும்ப ஒட்டும். நீங்கள் விட்ட அரை மணித்தியாலத்தில் கார் செய்தது அவ்வளவுதான். எந்தக் கொம்பனி செய்த கார் என்றாலும் இந்த வயதில் வரக்கூடியதுதான் இது.

பரந்தன் கதைதான் எனக்கு நல்ல சாட்சி. ஓடுகிற எஞ்சினுக்கு முன்னால் இருந்து காற்று அடிக்கிறது, உள்ளே தண்ணி சுற்றுகிறது. நிறுத்தியவுடன் இரண்டும் நின்றுவிடும், ஆனால் இரும்பில் ஏறிய சூடு எங்கே போகும்? அது வெளியே கசிந்து பொனற்றுக்குக் கீழே உள்ள எல்லாவற்றையும் வேகவைக்கும். நிறுத்திப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் அங்கே இருக்கிற வெக்கை, ஓடும்போது இருந்ததைவிடக் கூட. நீங்கள் கத்தரிக்காய் தெரிந்துகொண்டிருக்கிற நேரத்தில் சென்சர் வெந்துகொண்டிருக்கிறது. உடனே எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டால் ஆனையிறவு வரை காணும். விடிய இந்தப் பிரச்சினை இல்லாததும் இதனால்தான். குலுக்கல் வந்து முள் விழுந்து எழும்பியதும் அதே கதை, ஒரு கணம் தொடர்பு அறுந்து திரும்ப ஒட்டியிருக்கிறது. (கை கியர் கார் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சாட்சியும் கிடைக்கும். கியரில் இருக்கும்போது எஞ்சின் செத்தாலும் சில்லு அதைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அப்படியிருந்தும் முள் தொப்பென்று பூச்சியத்தில் விழுந்தால் சந்தேகம் நேரே கிராங் சென்சரில். ஓட்டோ கியரில் எஞ்சினும் உடனே ஓய்ந்துவிடும் என்பதால் முள் விழுவதை மட்டும் வைத்து அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது.)

இருந்தாலும் சந்தேகத்துக்குச் சாமான் வாங்காதீர்கள். மூன்று மாதமாக உங்கள் காசு போனது அந்த வழியால்தான். இந்த வருத்தம் கராஜில் நிற்கிற காரில் இருக்காது, றோட்டில் நின்ற அந்த இருபது நிமிடத்தில் மட்டும் இருக்கும், அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பது நீங்கள் ஒருவர்தான். அடுத்த தரம் நின்றால் பொனற்றைத் திறக்க வேண்டாம், ஆருக்கும் போன் எடுக்கவும் வேண்டாம், முதலில் நாலு விசயம் பாருங்கள். திறப்பை ஸ்ராட் பண்ணாமல் ஓன் மட்டும் பண்ணுங்கள். எஞ்சின் படம் போட்ட மஞ்சள் லைற் பத்துகிறதா? பத்தாவிட்டால் கொம்பியூட்டருக்கே மின்சாரம் போகவில்லை, சென்சரை மறந்துவிட்டு ரிலே (மின்சாரத்தைத் திறந்து மூடுகிற சின்னப் பெட்டி), பியூஸ், இக்னிஷன் சுவிச் என்று பார்க்க வேண்டும். பத்தினால், கண்ணாடியை மூடிக்கொண்டு பின் சீற்றுப் பக்கம் காதைக் கொடுங்கள். உங்கள் காரில் ஓன் பண்ணியவுடன் பம்ப் ஒரு நொடி "ம்ம்ம்" என்று உறுமி நிற்கும். அது கேட்க வேண்டும். பிறகு ஸ்ராட் பண்ணும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள், ஸ்ராட்டர் சுற்றுகிறபோது முள் கொஞ்சமாவது துடிக்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்று. கடைசியாக, நாலைந்து தரம் சுற்றிய பிறகு இறங்கிப் போய்ப் புகைக்குழாயை மணந்து பாருங்கள். மணம் பலமாக அடித்தால் பெற்றோல் வருகிறது, பொறிதான் இல்லை. மஞ்சள் லைற் பத்தி, பம்ப் உறுமி, முள் அசையாமல், மணமும் இல்லாமல் இருந்தால் பொறியும் இல்லை, பெற்றோலும் இல்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்துவது பெரும்பாலும் கிராங் சென்சரும் அதன் வயரும்தான், முதலில் அங்கே பாருங்கள். நாலையும் போனில் எழுதிவையுங்கள், நேரத்தையும் சேர்த்து. அந்த நாலு வரியும் மெக்கானிக்குக்குப் பெரிய உதவி.

ஸ்கானரில் ஒன்றும் காட்டவில்லை என்பதையும் கொஞ்சம் துருவிக் கேளுங்கள். ஜப்பான் சந்தைக்கென்று செய்து வந்த அந்தக் காலத்துக் கார்கள் பல, இப்போது எல்லோரும் வைத்திருக்கிற சின்ன புளூரூத் ஸ்கானரோடு பேசவே மாட்டா, அவற்றின் மொழி வேறு. அதனால் "பிழை இல்லை" என்று அவர்கள் சொன்னது உண்மையிலேயே பிழை இல்லை என்பதா, கார் பதிலே சொல்லவில்லை என்பதா என்று தெரியாது. அந்தக் கொம்பனிக் கார்களுக்கான ஸ்கானர் உள்ள இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். பி0335 என்று வந்தால் கிராங் சென்சர் பக்கம், பி0340 என்றால் காம் சென்சர் (வால்வுகளைத் திறக்கிற தண்டைப் பார்க்கிற சென்சர்) பக்கம். ஒன்றும் பதியாமலே இருந்தாலும் பரவாயில்லை, கார் நின்றிருக்கிற நேரத்தில் ஸ்ராட்டரைச் சுற்றிக்கொண்டு ஸ்கானரில் ஆர்பிஎம் பார்த்தால் பூச்சியமா, 200, 250 வருகிறதா என்று தெரியும், அது போதும்.

கராஜில் நிற்பதில்லை என்றால் நிற்கப் பண்ணத்தான் வேண்டும். அந்தக் காரில் சென்சர் பிளொக்கின் பின்பக்கம், கியர்பெட்டி சேருகிற இடத்துக்குக் கிட்ட இருக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, தலைமயிர் காயவைக்கிற மெசினைக் கொண்டுபோய்ச் சென்சருக்கு நேரே பிடித்தால், நோய் அங்கேதான் என்றால் சில நிமிடத்தில் நிற்கும். நின்றவுடன் ஈரச் சீலையை அதன்மேல் சுற்றி ஆறவைக்க ஸ்ராட் ஆனால் வேறு சாட்சி தேவையில்லை. கழற்றும்போது முதலில் சென்சரில் வயர் வந்து பூட்டுகிற பிளக் கட்டையைப் பாருங்கள். எண்ணெய் ஊறிக் கறுத்து, பூட்டு உடைந்து, பிளாஸ்ரிக் விரலுக்குள் பொடியாக நொறுங்குகிற கட்டைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படியென்றால் சென்சர் நல்லதாகவும் இருக்கலாம், கட்டையையும் வயரையும் செய்தால் முடிந்தது. நுனியில் காந்தம் இழுத்த இரும்புத் தூள் மீசை போல ஒட்டியிருக்கும், அதையும் துடையுங்கள். புதிதாக வாங்குவதென்றால் பழைய எஞ்சினில் கழற்றியதை மலிவு என்று வாங்க வேண்டாம், அதற்கும் இதே வயது. யாழ்ப்பாணத்தில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம், பழைய சென்சரில் உள்ள இலக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் பிழைக்காது.

கிராங் சென்சர் இல்லை என்று வந்தால் அடுத்து எங்கே பார்ப்பது? எனக்கு மறக்காத ஒரு கார் இருக்கிறது. சாவகச்சேரியில் இருந்து வந்தது, பள்ளம் விழுந்தால் நிற்கும், நல்ல றோட்டில் நிற்காது. மூன்று கிழமை வயர் வயராகத் தடவினேன். ஒருநாள் சொந்தக்காரர் திறப்பைப் பூட்டி ஓன் பண்ணும்போதுதான் பார்த்தேன், அந்தக் கோர்வையில் வீட்டுத் திறப்பு, கேற்றுத் திறப்பு, கடைத் திறப்பு மூன்று, பித்தளையில் ஒரு வேல். கையால் அந்தக் கோர்வையைப் பிடித்து லேசாக ஆட்டினேன், எஞ்சின் நின்றது. வருடக்கணக்காகத் தொங்கிய பாரம் இக்னிஷன் சுவிச்சின் உள்ளே தொடுகிற தகட்டைத் தேய்த்துவிட்டிருக்கிறது. அன்றிலிருந்து நிற்கிற கார் வந்தால் முதலில் திறப்பை ஆட்டிப் பார்க்கிறேன், பிறகு ஸ்குறூட்றைவர் பிடியால் ரிலேக்களில் தட்டுகிறேன், பிறகுதான் மற்றவை. எர்த் வயரையும் விடாதீர்கள். எங்கள் குடாநாட்டில் எந்தப் பக்கம் போனாலும் கடல், உப்புக் காற்று. பற்றரியில் இருந்து பொடிக்கும் எஞ்சினுக்கும் போகிற எர்த் வயர் பூட்டிய இடம் கறள் பிடித்தும் பச்சை பூத்தும் இருக்கும். மல்ரிமீற்றரின் ஒரு முனையை பற்றரி மைனசிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து, எஞ்சினை ஓடவிட்டு லைற்றும் ஏசியும் போட்டுப் பாருங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் கழற்றி அரம் போட்டுச் சுத்தம் செய்து பூட்ட வேண்டும். இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

பம்ப் மாற்றியதை முழுக்க வீண் என்று சொல்லமாட்டேன், தேய்ந்த பம்பும் சூட்டில் நின்று ஆறினால் ஓடும். ஆனால் மாற்றமுதல் அழுத்தம் பார்த்திருக்க வேண்டும், இப்படியான எஞ்சின்களில் சுமார் 3 முதல் 3.5 பார் இருக்கும். புதுப் பம்பைக் காப்பாற்ற ஒன்று சொல்கிறேன். 2022இல் கியூஆர் கோட்டில் கிழமைக்கு 20 லீற்றர் வாங்கி ஓடியதில் இருந்து, பெற்றோல் ராங்கை அடிமட்டத்தில் வைத்து ஓடுகிற பழக்கம் பலரிடம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ராங்குக்குள் கிடக்கிற பம்பைக் குளிர்விப்பது பெற்றோல்தான். கால்வாசிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள்.

கேள்வி: என் அல்ரோ சந்தியில் மட்டும் நிற்கிறது, ஏசி போட்டால் கட்டாயம் நிற்கும். ஓட்டத்தில் நல்ல இழுவை. சோளகக் காற்றுத் தொடங்கியபின் கூடிவிட்டது. பெற்றோலில் கலப்படமா?
– வாசகர், மானிப்பாய்

பதில்: பெற்றோலைக் குறை சொல்ல வேண்டாம் தம்பி, பெற்றோல் பிழையென்றால் ஓட்டத்திலும் தெரியும். நான் மேலே எழுதிய இரண்டாவது விதம் இது. எயர் பில்ற்றரைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பாருங்கள், சோளகப் புழுதி அடைத்திருக்கும். அதோடு எஞ்சினுக்குக் காற்றுப் போகிற வழியைத் திறந்து மூடுகிற துறொற்றிலில், தகடு மூடுகிற விளிம்பைச் சுற்றிக் கறுப்பு ஊத்தை வளையம் பிடித்திருக்கும், கால் எடுத்தவுடன் எஞ்சின் மூச்சுவிடுகிற சந்து அதுதான். அதற்கென்று விற்கிற கிளீனரும் மெல்லிய சீலையும் போதும். கத்தியோ உப்புத்தாளோ போடாதீர்கள். மின்சாரத்தால் திறக்கிற துறொற்றில் என்றால் தகட்டை விரலால் தள்ளவும் வேண்டாம். துடைத்த பிறகு கொஞ்ச நாளைக்கு ஐடில் (கால் எடுத்திருக்கும்போது எஞ்சின் ஓடுகிற வேகம்) கூடிக் குறையலாம், சில கார்களில் ஸ்கானரால் திரும்பப் பழக்கிவிட வேண்டும். துடைத்தும் நின்றால் வெடித்த வக்கூம் ரியூப்பைத் தேடுங்கள். காதை வைத்தால் "ஸ்ஸ்" என்று கேட்கும்.

கேள்வி: அப்பாவின் மொறிஸ் மைனரைப் பெயின்ற் அடித்து, புதுச் சாமான் பூட்டிக் கலியாணங்களுக்கு விடுகிறேன். பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு ஊர்ந்து போகும்போது அரை மணித்தியாலத்தில் நின்றுவிடுகிறது. தனியாக ஓட்டிப் பார்த்தால் நல்லாக ஓடுகிறது.
– வாசகர், உடுப்பிட்டி

பதில்: ஊர்வலத்தில் நிற்பது உங்களுக்கு எவ்வளவு மானப் பிரச்சினை என்று விளங்குகிறது. அடுத்த தரம் நின்றவுடன் பெற்றோல் ராங் மூடியைத் திறவுங்கள். "புஸ்" என்று காற்றை உள்ளே இழுத்தால் அதுதான் காரணம். பழைய மூடியில் காற்றுப் போகச் சின்ன ஓட்டை இருக்கும், பெயின்ற் அடைத்திருக்கும், அல்லது ஓட்டையில்லாத புது மூடி போட்டிருப்பீர்கள். பெற்றோல் இறங்க இறங்க ராங்குக்குள் வெற்றிடம் கூடி, பம்பால் இழுக்க முடியாமல் போகும்.

அது இல்லையென்றால் எஸ்யூ கொம்பனியின் மின்சாரப் பெற்றோல் பம்பின் சத்தத்தைக் கேளுங்கள். திறப்பை ஓன் பண்ணினால் "டிக் டிக்" என்று அடித்து, கார்பரேற்றர் கிண்ணம் நிறைய அடங்க வேண்டும். அடிக்கவே இல்லையென்றால் உள்ளே பொயின்ற் ஒட்டியிருக்கிறது, ஸ்பனரால் மெல்லத் தட்டினால் எழும்பும், பிறகு சுத்தம் செய்யலாம். நிற்காமல் வேகமாக அடித்துக்கொண்டே இருந்தால் பெற்றோல் வரவில்லை, அல்லது எங்கோ காற்று இழுக்கிறது, அல்லது குழாயில் பெற்றோல் ஆவியாகிவிட்டது. இந்த எஞ்சினில் கார்பரேற்றரும் சூட்டுக் குழாயும் ஒரே பக்கம், ஒன்றின்மேல் ஒன்று. ஊர்ந்து போகும்போது காற்றும் அடிக்காது. பெற்றோலின் மெல்லிய பகுதி 40 பாகைக்குக் கிட்டவே கொதிக்கத் தொடங்கும். 1990களில் பொருளாதாரத் தடைக் காலத்தில், சில சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியபோது, புகைக்குள் கண் எரிந்ததே தவிர, இந்த ஆவி அடைப்பு வந்ததில்லை. மண்ணெண்ணெய் கொதிக்க 150 பாகையாவது வேண்டும். கார்பரேற்றருக்குக் கீழே இருந்த சூடு மறைக்கிற தகட்டைப் பெயின்ற் வேலைக்குக் கழற்றியவர் திரும்பப் பூட்டினாரா என்று பாருங்கள், என் சந்தேகம் அதில்தான் கூட.

பம்பும் பெற்றோலும் நல்லதென்றால் பொறி கொடுக்கிற பக்கத்துக் கொண்டென்சர். சூட்டில் செத்து ஆறினால் பிழைப்பதில் அதுவும் ஒன்று. இப்போது வருகிற புதுக் கொண்டென்சர்கள் சிலவேளை ஒருசில மணித்தியாலம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை. அப்பா காலத்துப் பழையது எங்காவது பெட்டிக்குள் கிடந்தால் எறியாமல் அதைப் பூட்டிப் பாருங்கள். டிஸ்றிபியூட்டர் பொயின்ற் இடைவெளி 15 தௌ, அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பதினைந்து பங்கு.

கேள்வி: புதிதாக வாங்கிய வகன் ஆர், சிவப்பு லைற்றில் பிறேக்கை மிதித்தவுடன் எஞ்சின் நிற்கிறது, காலை எடுத்தால் தானே ஸ்ராட் ஆகிறது. இதுவும் சென்சரா?
– வாசகி, நல்லூர்

பதில்: இல்லைத் தங்கச்சி, அது பழுது அல்ல, பெற்றோல் மிச்சம் பிடிக்க அப்படித்தான் செய்திருக்கிறார்கள். விருப்பமில்லாவிட்டால் டாஷ்போட்டில் ஏ எழுத்தைச் சுற்றி வட்டமும் ஓவ் என்றும் போட்ட பொத்தானை அமத்துங்கள், அந்தப் பயணத்துக்கு நிற்காது. இப்படி நிற்பது ஒருநாள் தானாகவே இல்லாமல் போனால் அப்போது பற்றரியைப் பரிசோதிக்கக் கொடுங்கள். மாற்றும்போது சாதாரண பற்றரி போட வேண்டாம், அடிக்கடி நின்று எழும்புகிற இந்த வகைக் கார்களுக்கென்று வருகிறதைக் கேட்டு வாங்குங்கள்.